நிரந்தரம் என்று எழுதிய கல்

பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், மெரி என்று சொல்கிற ஓர் அலுவலகம். துலூஸ் போன்ற பெருநகரமும் ஒரு கொம்யூன்தான். இருபது வீடும் ஒரு தேவாலயமும் மட்டும் உள்ள மலைக்கிராமமும் ஒரு கொம்யூன்தான். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஐந்நூறு பேர்கூட இல்லை. நான் பதின்மூன்று வருடத்துக்கு மேலாக வாழ்வது அப்படியான ஒன்றில். நாட்டின் நடுவே, க்ரூஸ் மாவட்டத்தின் தெற்கே, மில்வாஷ் மேட்டுநிலத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பிரெஞ்சுக்காரரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குத் தெரியாது. பெயரை வைத்து ஆட்களைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு ஊர் சின்னது என்பது இன்னொரு காரணம்.

ஊர் என்றால் இவ்வளவுதான்: கருங்கல் தேவாலயம், அதற்கு எதிரே மெரி, நடுவில் முதலாம் உலகப்போரில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூண். நாங்கள் வருவதற்கு முன்பே மூடிவிட்ட பள்ளிக்கூடம். ஊற்றுத் தண்ணீரைத் தேக்கிய கல்தொட்டி ஒன்று, கூரை போட்டது. முன்னர் பெண்கள் முழங்காலில் நின்று துணி தோய்த்த இடம். ஊருக்குப் பொதுவான ரொட்டி அடுப்பு, வருடத்தில் ஒருநாள் ஆவணி மாதத்தில் மட்டும் எரியும். வாரத்தில் இரண்டு நாள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டி வான். பிறகு, ஒழுங்கையின் முடிவில், சுற்றுமதிலோடு சவக்காலை.

இந்தக் கட்டுரை அந்தச் சவக்காலையைப் பற்றியது. ஆனால் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

நாங்கள் 2011இல் இங்கே வந்தோம். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் பாரிசின் வடக்கே ஒரு அடுக்குமாடியின் எட்டாவது தளம். கணவருக்கு இங்கே ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் நிரந்தர வேலை கிடைத்தது. பாரிசில் ஒரு கராஜ் வாங்குகிற காசுக்கு இங்கே வளவோடு வீடு வாங்கலாம். வாங்கினோம். லாசப்பலில் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்க தமிழ்க்கடை இருக்கோ?" இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் காரில் போய் அரிசி, மிளகாய்த்தூள், ஒடியல்மா எல்லாம் அள்ளிக்கொண்டு வருவோம். கறிவேப்பிலைக் கன்று மூன்று தடவை பனியில் பட்டுப்போய், நாலாவது கன்று அடுப்படி யன்னலோரம் நிற்கிறது.

நான் செய்யும் வேலை வயதானவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிப்பது. குளிக்க வார்ப்பது, சமைப்பது, மருந்துச்சீட்டு எடுத்துப் போவது. சம்பளக் கடதாசியில் எழுதாத வேலை ஒன்றும் உண்டு: கேட்டுக்கொண்டு இருப்பது. இந்த ஊரின் சரித்திரம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அதிலும் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக் கிழவியிடமிருந்து. 1933இல் பிறந்தவர். என் மகள் அவரை 'மெமே' என்று கூப்பிடுவாள், அம்மம்மா மாதிரி. நாளடைவில் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பேசுவது பிரெஞ்சு என்றாலும் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மெமேயின் வீட்டு வாசலுக்கு மேலே உள்ள கல்லில் 1868 என்று செதுக்கியிருக்கும். பக்கத்தில் ஒரு சாந்தகப்பை, ஒரு சுத்தியல். ஒருநாள் அது என்ன என்று கேட்டேன்.

"அது பாரிஸ் காசு பிள்ளை. எங்கட ஆம்பிளையள் எல்லாம் அங்க போய்த்தானே உழைச்சவை. உங்கட ஆக்கள் மாதிரி."

*

க்ரூஸ் மாவட்டத்தின் மேசன்மாரைப் பற்றி பிரான்சில் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். இந்த மேட்டுநிலத்தில் மண் மெல்லிசு, குளிர் நீளம். கம்பு மாதிரியான ஒரு புல்லரிசியும், பக்வீட்டும், செஸ்நட்டும்தான் விளைந்தன. அதனால் நூற்றாண்டுகளாக ஆண்கள் மாசி, பங்குனியில் ஊரை விட்டுப் புறப்படுவார்கள். பெரும்பகுதி நடைதான். பாரிஸ், லியோன், இன்னும் எங்கெல்லாம் கட்டடம் எழுகிறதோ அங்கெல்லாம் கல் அடுக்கி, சாந்து குழைத்து, கார்த்திகை மார்கழியில் திரும்புவார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்படி வருடாவருடம் போனவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். ஓஸ்மான் என்ற அதிகாரி பழைய பாரிசை இடித்து அகன்ற சாலைகளும் ஒரே உயரத்துக் கட்டடங்களுமாக ஆக்கியது 1853க்கும் 1870க்கும் இடையில். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற அந்தப் பாரிசில் எங்கள் ஊர்க்காரரின் கை நிறைய இருக்கிறது.

அவர்களில் ஒருவர் எழுதி வைத்தார். மார்த்தான் நாதோ. 1815இல் இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் சூப்ரெபோ என்ற ஊரில் பிறந்தவர். 1830இல், பதினான்கு வயதில், தகப்பனோடு பாரிசுக்கு நடந்தார். பகலில் மேசன் வேலை, இரவில் தானும் படித்து மற்றவர்களுக்கும் படிப்பித்தார். 1849இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1851 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டு இங்கிலாந்தில் இருந்தார். முதலில் அங்கேயும் மேசன், பிறகு பிரெஞ்சு ஆசிரியர். 1870இல் திரும்பி வந்தபோது அவரை இதே க்ரூஸ் மாவட்டத்துக்கு அரசப் பிரதிநிதி ஆக்கினார்கள். வேலைத்தலத்தில் அடிபடும் தொழிலாளிக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1880இல் சட்டமூலம் கொண்டுவந்தார். அது சட்டமானது 1898இல், அவர் இறந்த அதே வருடம். பாரிஸ் 20ஆம் வட்டாரத்தில் காம்பெத்தா பக்கத்தில் அவர் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. என் கணவர் அதைத் தாண்டி ஏழு வருடம் வேலைக்குப் போனவர். யாரோ பழைய பிரபு என்று நினைத்தாராம்.

நாதோவின் நினைவுக்குறிப்பில் அந்த மேசன்மார் பாரிசில் எப்படி இருந்தார்கள் என்று வருகிறது. ஒரே ஊர்க்காரர் ஒரே விடுதியில். ஒரு அறையில் பலர், ஒரு கட்டிலில் இருவர். சமையல் விடுதிக்காரி பொறுப்பு. ஊரிலிருந்து யாராவது புதிதாக வந்தால் அதே அறையில் இன்னொரு இடம். வேலை இல்லாதவர் விடியக்காலையில் போய் நிற்க ஒரு சதுக்கம் இருந்தது, பிளாஸ் த க்ரேவ். இப்போது பாரிஸ் மாநகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் இடம் அது. அங்கே போய் நின்றால் மேஸ்திரிமார் வந்து ஆள் பொறுக்குவார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பிரெஞ்சில் இன்றும் சொல்கிற 'க்ரேவ்' என்ற சொல் அந்தச் சதுக்கத்தில் இருந்து வந்தது.

நான் இதை என் கணவருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். 1994இல் பாரிசில் அவர் இருந்த அறையில் ஒன்பது பேர். இரவு வேலைக்காரன் எழும்ப, பகல் வேலைக்காரன் அதே மெத்தையில் படுப்பான். ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரே ஊர். "கட்டிலுக்கு ரெண்டு பேரோ? வசதியாத்தான் இருந்திருக்கினம்" என்றார்.

மெமே சொன்னது இதன் மற்றப் பாதி, நாதோவின் புத்தகத்தில் குறைவாக வருவது. ஆண்கள் ஒன்பது மாதம் இல்லாத ஊரில் உழுதது யார்? மாடு பிரசவிக்கும்போது கை கொடுத்தது யார்? அவருடைய பாட்டி. கிழவர்களும் சிறுவர்களும் பெண்களும்தான் ஊர். பிள்ளைகள் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் பிறந்தன, தகப்பன் குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வந்துபோனதன் கணக்கு. பாட்டிக்கு எழுதத் தெரியாது. கடிதம் வந்தால் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய் வாசிப்பித்து, பதிலும் அவரைக் கொண்டே எழுதுவித்தார். "வாத்தியார் எழுதினா பிறகு என்னத்தச் சொல்லுறது புருசனுக்கு? மாடு சுகம், மழை பெய்யுது, அவ்வளவுதான்" என்று மெமே சொன்னார். எங்கள் அம்மாவும் ஒருகாலத்தில் தொலைத்தொடர்பு நிலையத்தில் வரிசையில் நின்று, பின்னால் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்க, வெளிநாட்டில் இருந்த அண்ணாவோடு அப்படித்தான் கதைத்தார். மாடு சுகம், மழை பெய்யுது.

*

பிறகு ரயில் வந்தது. மேசன்மார் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாரிசிலேயே இருக்கத் தொடங்கினார்கள். பிறகு 1914 வந்தது. 1880களில் இந்த மாவட்டத்தில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். இன்று ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் அளவில்.

போருக்குப் பின் பிரான்சின் ஏறத்தாழ ஒவ்வொரு கொம்யூனும் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. பெரும்பாலானவற்றில் 'தாய்நாட்டுக்காக உயிர்நீத்த பிள்ளைகளுக்கு' என்ற மாதிரி எழுதியிருக்கும். எங்களுடையதிலும் அப்படித்தான். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வருகிறது, மூன்று அண்ணன் தம்பிகள். ஆனால் காரில் கொஞ்சத் தூரம் போனால் ஜான்சியூ என்ற ஊர் வரும். அங்கே 1922இல் கட்டிய தூண் வேறு மாதிரி. பெயர்ப்பட்டியலுக்கு முன்னால் ஒரு அநாதைப் பையன், பள்ளிக்கூடச் சட்டை, மரச்செருப்பு, ஒரு கையில் தொப்பி. மற்றக் கையை முஷ்டியாக்கிப் பட்டியலை நோக்கி நீட்டியிருக்கிறான். பட்டியலின் கீழே எழுதியிருப்பது: போர் சபிக்கப்படட்டும். அரசு பல பத்தாண்டுகளாக அதைத் திறந்துவைக்க ஆள் அனுப்பவில்லை. இப்போது ஒவ்வொரு கார்த்திகை 11ஆம் தேதியும் போரை எதிர்ப்பவர்கள் பல இடங்களில் இருந்து வந்து அங்கே கூடுகிறார்கள்.

முதல் தடவை கணவரோடு போனபோது அவர் கனநேரம் அதன் முன்னால் நின்றார். திரும்பி வரும்போது காருக்குள் ஒன்றும் கதைக்கவில்லை. எங்கள் மண்ணில் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல்லறைகளை இராணுவம் இடித்து மட்டமாக்கியது. எங்கள் ஆட்களும் கல்லில் புகழ்ச்சியைத் தவிர வேறு எதையும் எழுத விட்டதில்லை. இறந்தவனின் பிள்ளை கோபத்தோடு நிற்கிற கல் ஒன்றை நாங்கள் இரண்டு பேரும் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இங்கே வருகிறவர்கள் காட்டைப் பார்த்து அதிசயிப்பார்கள். எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு பழமை என்று. பழமை ஒன்றும் இல்லை. நூறு வருடத்துக்கு முன் இந்த மேட்டில் மரமே குறைவு, புதரும் ஆட்டு மேய்ச்சலும்தான். பாரிசுக்குப் போனவர்கள் நிலத்தை விற்க மனமில்லாமல் ஊசியிலை மரம் நட்டார்கள். 1946இல் அரசு காடு வளர்க்க ஒரு நிதி தொடங்கிய பிறகு இன்னும் வேகமாக நட்டார்கள். மரங்களுக்கு நடுவே நடந்தால் கல்வேலி தெரியும். நேராக, ஆள் இடுப்புயரம், ஒரு சாந்தும் இல்லாமல் அடுக்கியது. அது ஒரு காணியின் எல்லை. அதற்குள் யாரோ கிழங்கு போட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு இது வாசிக்கத் தெரிந்த காட்சி. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு நாங்கள் வெளியேறியபோது எனக்குப் பதினாலு வயது. பல வருடம் கழித்துக் காணியைப் பார்க்க விட்டபோது கிணற்றுக்கட்டைக் கொண்டுதான் வளவை மட்டுக்கட்டினோம். மற்றதெல்லாம் பற்றைக்காடு.

*

இன்னொரு விஷயத்தையும் மெமேதான் சொன்னார், தயங்கித் தயங்கி. 1960களில் பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றில் ஒரு கறுத்தப் பையன் இருந்தானாம், பத்து வயது இருக்கும். மாட்டோடு மாடாக வேலை செய்தான். பனி கொட்டிய முதல் நாள் வெளியே வந்து நின்று அழுதானாம்.

அவன் ரீயூனியன் தீவில் இருந்து வந்தவன். 1960களின் தொடக்கத்தில் இருந்து 1980களின் தொடக்கம் வரை, அந்தத் தீவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை அரசு எடுத்து, ஆள் குறைந்துகொண்டிருந்த பிரெஞ்சுக் கிராமப்புறங்களுக்கு அனுப்பியது. அரசு அமைத்த ஆணைக்குழு 2018இல் கொடுத்த எண்ணிக்கை 2,015 பிள்ளைகள். எண்பதுக்கு மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டாலும் 'க்ரூஸின் பிள்ளைகள்' என்றுதான் அவர்களுக்குப் பெயர் நிலைத்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வருவார்கள் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. பலர் வரவில்லை. 2014இல் நாடாளுமன்றம் அரசுக்கு இதில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று தீர்மானம் நிறைவேற்றியது. ரீயூனியன் என்றால் எங்களுக்கு அந்நியம் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் வழிவந்த 'மலபார்'கள் அங்கே பெருஞ்சமூகம். மாரியம்மன், தீமிதிப்பு எல்லாம் உண்டு.

பாரம்பரியம் என்று சொல்லி வருடத்துக்கு ஒருநாள் ரொட்டி அடுப்பை மூட்டும்போது இந்தப் பையனும் என் ஞாபகத்துக்கு வருவான். அடுப்பைக் கட்டியவனும் இந்த ஊர், அவனை வேலை வாங்கியதும் இந்த ஊர்தான்.

*

2020 பங்குனி 15இல் ஊர்மன்றத் தேர்தல். அதற்கு ஐந்து வருடம் முன்பே எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருந்தது. மேயர் வந்து, "நீங்கள் எல்லா வீட்டுக்கும் போகிறீர்கள், உங்களைவிட ஊரைத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டு என் பெயரையும் பட்டியலில் போட்டார். அப்போது ஆயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களில் வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரை வெட்டலாம். எண்ணி முடித்ததும் ஒவ்வொருவரையும் எத்தனை பேர் வெட்டினார்கள் என்று ஊருக்கே தெரியும். என்னைச் சிலர் வெட்டியிருந்தார்கள். மேயரை என்னைவிடக் கூடப்பேர். பதினொரு பேரில் ஒருத்தியாக வந்தேன். இரண்டு நாளில் ஊரடங்கு. வைகாசிக் கடைசியில்தான் மன்றம் முதல்முறை கூடியது.

எனக்குக் கொடுத்த பொறுப்பு சவக்காலை.

வீட்டில் கேட்டுவிட்டுக் கணவர், "நல்ல பொறுப்புத் தந்திருக்கிறாங்கள்" என்றார். சைவக் குடும்பத்தில் பிறந்தவர்கள் நாங்கள். எரிப்போம், கரைப்போம், அந்தியேட்டி செய்வோம், வருடத்துக்கு ஒருமுறை திவசம். இறந்தவருக்கு என்று நிலம் வைத்திருப்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. ஆனால் அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. வேலைக்குப் போகிற வழியில் அந்த மதிலைத் தாண்டித்தான் போவேன்.

பிரெஞ்சுச் சவக்காலையில் ஒரு குடும்பம் இடத்தை விலைக்கு வாங்குவதில்லை. கொம்யூன் அதைப் பாவிக்கும் உரிமையைக் கொடுக்கிறது: பதினைந்து வருடம், முப்பது, ஐம்பது, அல்லது நிரந்தரம். 19ஆம் நூற்றாண்டில் காசு சேர்த்த மேசன் குடும்பங்கள் எல்லாம் நிரந்தரத்தையே வாங்கின. கல்லிலேயே செதுக்கியிருக்கும்: 'நிரந்தர உரிமை'. ஆனால் சட்டத்தில் அந்த நிரந்தரத்துக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உரிமை கொடுத்து முப்பது வருடம் தாண்டி, கடைசி அடக்கத்துக்குப் பின் பத்து வருடம் கழிந்து, பராமரிப்பில்லாமல் கிடந்தால் அதைக் கைவிடப்பட்டது என்று அறிவிக்கலாம். அறிக்கை எழுதி, உறவினருக்கு அறிவித்து, வாசலில் ஒட்டிக் காத்திருக்க வேண்டும். முன்பு மூன்று வருடம். 2022இல் ஒரு வருடமாகக் குறைத்துவிட்டார்கள். அதன் பிறகும் யாரும் வராவிட்டால் மன்றம் முடிவெடுத்து கொம்யூன் கல்லறையை மீட்டுக்கொள்ளலாம். எலும்புகள் பொது எலும்பறைக்குப் போகும்.

எங்கள் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை வேறு. கல் சரிகிறது, இரும்புச் சிலுவை விழுகிறது. யாராவது அடிபட்டால் பொறுப்பு மேயருக்கு. கைவிடப்பட்டவற்றைப் பட்டியல் போடச் சொல்லி 2022 இலையுதிர்காலத்தில் என்னிடம் ஒரு பழைய வரைபடத்தைத் தந்தார்கள். மெமேயைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் போனேன். அவருக்கு அப்போது எண்பத்தொன்பது வயது. பெயர் அழிந்த கல்லைக்கூட அவர் சொல்வார். "இவ கடைக்காரி. இவர் மணி அடிக்கிறவர். இந்த ஆள் எங்கட அப்பாவுக்குக் காசு குடுக்க வேணும்."

நடக்க நடக்க ஒன்றைக் கவனித்தேன். கைவிடப்பட்ட கல்லறைகளில் நிறையப் பெண்கள் தனியாகக் கிடந்தார்கள். கல்லில் மேலே புருசனின் பெயருக்கு இடம் விட்டுச் செதுக்கியிருக்கும், இடம் வெறுமையாக இருக்கும். மெமேயிடம் கேட்டேன்.

"அவையள் அங்கதான் செத்தவை. பாரிசில சாரத்தில இருந்து விழுந்தாப் பிறகு ஆர் இஞ்ச கொண்டு வாறது? இவ இடத்த வாங்கி வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்தவ."

பட்டியலை மன்றத்தில் வைத்தபோது இரண்டு பேருக்கு எல்லாவற்றையும் மீட்டுத் துப்புரவாக்கிப் புல் போடலாம் என்ற எண்ணம். அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. ஒருவர் பண்ணைக்காரர், கூரை ஒழுகும் மெரியைத் திருத்தவே காசில்லாதபோது கல்லறைக்கு எங்கே போவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் எழும்பிச் சொன்னது இவ்வளவுதான். சட்டம் எடுக்கலாம் என்று சொல்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கலைமதிப்போ உள்ளூர்ச் சரித்திரமோ உள்ளதைக் கொம்யூன் தன் சொத்தாக வைத்துக்கொள்ளலாம். இந்த ஊர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிற ஒரே விஷயம் மேசன்மார். அவர்கள் கட்டிய கட்டடம் எல்லாம் பாரிசில் இருக்கிறது. இங்கே இருப்பது அவர்களுக்காகக் காத்திருந்தவர்களின் கல் மட்டும்தான். அதையும் எடுத்தால் நாங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டப் போகிறோம்?

பண்ணைக்காரர் சொன்னார்: "பள்ளிக்கூடமே இல்லையே, மதாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு வருடம் அறிவித்தல் வாசலில் தொங்கியது. மூன்று குடும்பங்கள் தேடி வந்தன. ஒரு கிழவர் மார்செயில் இருந்து பேரனோடு வந்து, கையால் பாசியைச் சுரண்டி, பெயரை வாசித்துவிட்டு, மெரியில் கையெழுத்து வைத்துப் போனார். 2024 தொடக்கத்தில் வாக்கெடுப்பு. தனியாகக் கிடந்த பெண்களின் கற்களில் ஐந்தை வைத்துக்கொள்வது, மற்றவற்றை மீட்பது, மீட்பவர்களின் பெயர் அனைத்தையும் எலும்பறைக் கதவில் ஒரு பலகையில் பொறிப்பது என்று முடிந்தது. ஆறுக்கு ஐந்து. நான் கேட்டதில் பாதிகூட இல்லை. பலகைக்கான காசை அந்தப் பண்ணைக்காரர்தான் வேறு ஒரு செலவில் வெட்டி ஒதுக்கினார். பெயர்களைப் பிழை இல்லாமல் எழுதித் தரும் வேலை எனக்கு. ஒவ்வொரு பெயரையும் மெமேயிடம் வாசித்துக் காட்டித்தான் அனுப்பினேன்.

*

மெமே போன வருடம் தை மாதம் இறந்தார். மகன் லியோனில். நல்ல மகன், மாதம் ஒருமுறை வருவார், ஆனால் அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகள் எங்கெங்கோ. வீடு விற்பனைக்குப் போட்டிருக்கிறது. 1868 கல்லுக்குக் கீழே வீட்டுத்தரகரின் பலகை தொங்குகிறது. இறப்பதற்குச் சில கிழமை முன், கால் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார்: "துசானுக்கு எனக்குப் பூ வைப்பியோ?" துசான் என்றால் கார்த்திகை 1ஆம் தேதி. பிரான்ஸ் முழுக்கச் செவ்வந்திச் சாடி வாங்கிக் கல்லறையில் வைக்கும் நாள். வைப்பேன் என்றேன். "மஞ்சள் வேண்டாம்" என்றார்.

வைத்தேன், ஊதா. என் மகளும் கெரேயில் விடுதிப் பள்ளியில் இருந்து அதற்காக வந்திருந்தாள். கல்லைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து என்னைக் கேட்டாள்: "அம்மா, நீங்களும் அப்பாவும் இல்லாத காலத்தில நான் துசானுக்கு எங்க போறது?"

அன்று இரவு இதைக் கணவரிடம் சொன்னேன்.

"நீர் என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? என்னை எரிச்சுக் கீரிமலையில கரைச்சா எனக்குப் போதும்."

"உங்கட அப்பாவைக் கீரிமலையில கரைக்க முடிஞ்சதோ?"

அவர் பேசவில்லை. 1998இல் மாமா இறந்தபோது கீரிமலை உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. வேறு கடற்கரையில் கரைத்தார்கள். சோற்றைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இப்ப போகலாம்தானே. பிள்ளை கொண்டு போவாள்."

"ஒருக்கால் கொண்டு போவாள். பிறகு ஒவ்வொரு வருசமும்?"

கனநாள் இந்தக் கதை வீட்டில் ஓடியது. கோபமாக, பகிடியாக, சில நாள் இரண்டும் சேர்ந்து. அவருடைய பயம் எனக்கு விளங்கியது. இங்கே ஒரு கல் வைத்தால் அங்கே போகும் கதை முடிந்தது என்று அர்த்தமாகிவிடும். எனக்கு மற்றப் பயம். அந்தப் பெண்களின் கல்லில் இருந்த வெறுமையான இடம் கண்ணுக்குள் நின்றது. ஒருவருக்காக இடம் விட்டுவைத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வலிகாமத்தில் எங்கள் வளவுக்காகத் தன் கடைசி வருடம்வரை பத்திரத்தை எடுத்து எடுத்துப் பார்த்த அம்மாவும் அப்படித்தான் இருந்தார்.

இந்த வருடம் மாசியில் ஒருநாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே அவர் கேட்டார்: "சாம்பலில பாதிய அங்க, பாதிய இஞ்ச வைக்கச் சட்டம் விடுமோ?" பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். விடாது. 2008 சட்டத்துக்குப் பிறகு சாம்பல் ஒரே இடத்துக்குரியது, பிரிக்கக் கூடாது.

அவர் யோசித்தார். "அப்ப பேரைப் போடுவம். சாம்பல் போற இடத்துக்குப் போகட்டும். பேர் இஞ்ச கிடக்கட்டும்."

மெரி வாரத்தில் இரண்டு அரைநாள்தான் திறந்திருக்கும். வியாழக்கிழமை போனோம். செயலாளர் படிவத்தை எடுத்துத் தந்தார். நான் மன்ற உறுப்பினர் என்றாலும் வரிசையில் மூன்றாவதாகத்தான் நின்றோம். எங்கள் ஊரில் இப்போது நிரந்தர உரிமை கொடுப்பதில்லை. அந்தத் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. பதினைந்து, முப்பது, ஐம்பது என்று மூன்று கட்டங்கள் மட்டும் இருந்தன. கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றின் விலையையும் வாசித்தார். முப்பதுக்கு எதிரே புள்ளடி போட்டார். "பிறகு வேணுமெண்டா பிள்ளை புதுப்பிக்கட்டும்" என்றார்.